வீட்டு சர்வருக்கு எஸ்எஸ்டி: விலை இறங்கியபோது நான் போட்ட கணக்கு

2023 ஜூலை கடைசி வாரத்தில் ஒரு நாள், விடியற்காலை நாலேகால் மணிக்கு, என் வீட்டு சர்வர் எனக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பியிருந்தது. நாலரை ஆண்டுகளாக இரவு பகலாகச் சுழன்றுகொண்டிருக்கும் இரண்டு 4 டெராபைட் வன்தட்டுகளில் (ஹார்ட் டிஸ்க்) ஒன்றில், படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள், அதாவது தரவு எழுதும் சிறு பகுதிகள், எட்டு என்று அதில் இருந்தது. எட்டு என்ற எண்ணைப் பார்த்த உடனே பதற வேண்டியதில்லை. இப்போதைய வன்தட்டுகளுக்குள் ஒரு செக்டர் என்பது 4,096 பைட். பழைய வழக்கத்தை விடாமல் அது கணினியிடம் மட்டும் தன்னை 512 பைட் கொண்ட எட்டுத் துண்டுகளாகக் காட்டிக்கொள்கிறது. எட்டு என்றால் உண்மையில் ஒரே ஓர் இடம்தான் கெட்டிருக்கிறது. அந்த எண் அடுத்த வாரம் 24 ஆகி, அதற்கடுத்த வாரம் 56 ஆனபோதுதான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. வன்தட்டு ஓடிய நேரம் 40,000 மணியைத் தாண்டியிருந்தது. மூன்று ஆண்டு உத்தரவாதமோ எப்போதோ முடிந்துபோயிருந்தது.

சர்வர் என்று சொன்னாலும் அது பெரிய இயந்திரம் ஒன்றுமில்லை. அலுவலகத்தில் கழித்துப்போட்ட நான்காம் தலைமுறை ஐ-3 கணினி, எச்-81 மதர்போர்டு, 16 ஜிகாபைட் நினைவகம், டெபியன் லினக்ஸ். குரோம்பேட்டை வீட்டு ஹாலில், டிவி மேசைக்குப் பக்கத்தில், 600 விஏ யூபிஎஸ் ஒன்றின் மேல் சாய்ந்தபடி நிற்கிறது. வீட்டில் உள்ள மூன்று கைபேசிகளின் படங்களும் இம்மிச் என்ற மென்பொருள் வழியாக அதில் வந்து சேர்கின்றன. பத்திரம், பட்டா நகல், மருத்துவ அறிக்கைகள் எல்லாம் நெக்ஸ்ட்கிளவுடில் இருக்கின்றன. அப்பா கேட்கும் பாட்டுகளும் எப்போதோ பதிவுசெய்து வைத்த குடும்ப வீடியோக்களும் ஜெல்லிஃபின் வழியாக டிவிக்குப் போகின்றன. அந்த இரண்டு 4 டெராபைட் வன்தட்டுகளும் ஒன்றில் எழுதுவதையே மற்றதிலும் எழுதும் கண்ணாடிப் பிரதிகள். வாசலிலும் மாடிப்படியிலும் உள்ள இரண்டு கேமராக்களின் பதிவு மட்டும் தனியாக ஒரு பழைய 1 டெராபைட் வன்தட்டில் விழுகிறது.

முதலில் தோன்றியது, கெட்டதை எடுத்துவிட்டு அதே அளவில் இன்னொரு வன்தட்டை வாங்கிப் பொருத்திவிடலாம் என்பதுதான். 2019 தொடக்கத்தில் ஒன்று ஏறத்தாழ 9,000 ரூபாய் கொடுத்து வாங்கியிருந்தேன். விலையை விசாரித்தபோதுதான் ஒரு விநோதம் கண்ணில் பட்டது. நாலரை ஆண்டு கழித்தும் 4 டெராபைட் வன்தட்டு ஏறக்குறைய அதே விலையில்தான் நின்றது. அதே 2019-இல் மடிக்கணினிக்கு 240 ஜிகாபைட் எஸ்எஸ்டி (சுழலும் தட்டுக்குப் பதில் நினைவுச் சில்லுகளில் சேமிக்கும் சாதனம்) ஒன்றை 2,600 ரூபாய்க்கு வாங்கியிருக்கிறேன். ரசீது இன்னும் மின்னஞ்சலில் இருக்கிறது. ஒரு ஜிகாபைட்டுக்குப் பதினொரு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு. 2023-இல் 2 டெராபைட் எஸ்எஸ்டி 9,500 ரூபாய்க்குக் கிடைத்தது. அதாவது ஜிகாபைட்டுக்கு ஐந்து ரூபாய்கூட ஆகவில்லை.

வன்தட்டின் விலை ஒரு கட்டத்துக்குக் கீழே இறங்காததற்குக் காரணம் எளிமையானது. ஒரு டெராபைட்டாக இருந்தாலும் நான்கு டெராபைட்டாக இருந்தாலும் அதற்கு ஒரு மோட்டார் வேண்டும், தகட்டின் மேல் மயிரிழை உயரத்துக்கும் குறைவாக மிதக்கும் தலை வேண்டும், அதை அசைக்கும் கை வேண்டும், இத்தனையையும் தாங்க வார்ப்பு அலுமினியக் கூடும் வேண்டும். இவற்றின் விலை கொள்ளளவைப் பார்த்துக் குறைவதில்லை. எஸ்எஸ்டியில் அப்படிப்பட்ட அடிச்செலவு சிறியது. ஒரு கட்டுப்பாட்டுச் சில்லும் பலகையும் போக மீதி எல்லாம் நினைவுச் சில்லுகளின் விலைதான். ஆகவே சில்லு மலிந்தால் எஸ்எஸ்டியும் மலிந்துவிடுகிறது.

எஸ்எஸ்டியும் வன்தட்டும் விலையில் சமமாகிவிட்டன என்று அப்போது சிலர் எழுதியதைப் பார்த்தேன். அது சரியல்ல. ஜிகாபைட் கணக்கில் பார்த்தால் என் 4 டெராபைட் வன்தட்டு இரண்டேகால் ரூபாய்தான். எஸ்எஸ்டி அப்போதும் அதைப்போல் இரண்டு மடங்காகத்தான் இருந்தது. ஆனால் ஜிகாபைட் என்ன விலை என்று கேட்பதைவிட, எனக்கு வேண்டிய அளவு என்ன விலை என்று கேட்பதே பொருத்தம் என்று தோன்றியது. அளந்து பார்த்தேன். 4 டெராபைட் இடத்தில் நாலரை ஆண்டுகளில் நிரம்பியிருந்தது 1.3 டெராபைட் மட்டுமே. படங்களும் ஆவணங்களும் 800 ஜிகாபைட். பாட்டும் வீடியோவும் 500. மீதி இடம் முழுவதும் என் பேராசைக்கான வாடகை. 2 டெராபைட் எனக்குத் தாராளமாகப் போதும். அதற்கு எஸ்எஸ்டி விலை 9,500, இனி எனக்குத் தேவையில்லாத 2 டெராபைட்டையும் சேர்த்து விற்கும் வன்தட்டு விலை 9,000. இந்த இடத்தில்தான் நான் முடிவுக்கு வந்தேன். பத்து டெராபைட் சினிமா சேர்த்து வைத்திருப்பவருக்கு இந்தக் கணக்கு நேர்மாறாக வரும். அவர் வன்தட்டிலேயே இருப்பதுதான் புத்திசாலித்தனம்.

விலை ஏன் இப்படிச் சரிந்தது என்பதில் இரண்டு காரணங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். ஒன்று தொழில்நுட்பம், அதனால் இறங்கிய விலை பெரும்பாலும் மேலே ஏறாது. மற்றொன்று சந்தை, அதனால் இறங்கியது எந்த மாதமும் திரும்பிவிடும்.

தொஷிபாவில் வேலை பார்த்த ஃபுஜியோ மசுவோக்காவும் அவர் குழுவினரும் 1987-இல், எஸ்எஸ்டிக்குள் இருக்கும் நேண்ட் ஃபிளாஷ் நினைவகத்தை உலகுக்கு அறிவித்தார்கள். வெகுகாலம் வரை ஒரு சில்லின் பரப்பில் தரவைத் தாங்கும் நுண்ணிய அறைகளை எவ்வளவு நெருக்கி வைக்கலாம் என்பதில்தான் போட்டி இருந்தது. அறைகள் ஓர் அளவுக்கு மேல் சுருங்கியபோது பக்கத்து அறைகளின் மின்னூட்டம் ஒன்றையொன்று பாதிக்கத் தொடங்கிவிட்டது. அப்போது மனையில் இடம் இல்லாதவர் மாடி கட்டுவதுபோல அறைகளை மேல்நோக்கி அடுக்கத் தொடங்கினார்கள். 2013-இல் சாம்சங் 24 அடுக்குகளோடு தொடங்கியது. 2022-இல் மைக்ரான் 232 அடுக்குச் சில்லைத் தயாரித்தது. கூடவே ஓர் அறைக்குள் எத்தனை பிட்களைத் திணிப்பது என்பதும் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று ஏறிக்கொண்டே போனது. 2008-இல் இன்டெல் கொண்டுவந்த எக்ஸ்25-எம் எஸ்எஸ்டி 80 ஜிகாபைட்டுக்கு 595 டாலர் என்று விலை வைத்ததை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

சந்தையின் கதை வேறு. பெருந்தொற்றுக் காலத்தில் உலகம் முழுவதும் மடிக்கணினி வாங்கித் தீர்த்தது. 2022-இல் அந்த வேகம் சட்டென்று அடங்கியது. ஆலைகள் அதற்கேற்ப அடங்கவில்லை. சில்லுகள் கிடங்குகளில் குவிந்தன. 2023-இன் முதல் காலாண்டில் சாம்சங் நிறுவனத்தின் செயல்பாட்டு இலாபம் முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட 95 விழுக்காட்டுக்கும் மேல் வீழ்ந்தது. ஏப்ரலில் நினைவகச் சில்லு உற்பத்தியைக் குறைப்பதாக அது வெளிப்படையாகவே அறிவித்தது. மற்றவர்கள் அதற்கு முன்பே குறைத்திருந்தார்கள். நமக்கு மலிவாகக் கிடைத்தது அவர்களுடைய நட்டத்தின் ஒரு பகுதி என்பதையும், உற்பத்தி குறைந்தால் இந்த விலை நிற்காது என்பதையும் புரிந்துகொள்ளப் பெரிய பொருளாதார அறிவு தேவையில்லை. சேமிப்புச் சாதனங்களின் விலை என்றைக்கும் இறங்குமுகம்தான் என்று நம்புகிறவர்கள் 2011-ஐ மறந்துவிட்டார்கள். அந்த ஆண்டு தாய்லாந்து வெள்ளத்தில் வன்தட்டு ஆலைகள் மூழ்கியபோது, சில வாரங்களிலேயே விலை இரு மடங்குக்கு மேல் ஏறியதை நானே பார்த்திருக்கிறேன். ‘இன்னும் இறங்கட்டும்’ என்று காத்திருக்காமல் ஆகஸ்டிலேயே வாங்கிவிட்டதற்கு இதுதான் காரணம்.

வாங்கப் போவதற்கு முன் ஒன்றை மட்டும் செய்தேன்: என் சர்வர் ஒரு நாளைக்கு எவ்வளவு எழுதுகிறது என்று மூன்று வாரம் கணக்கெடுத்தேன். எஸ்எஸ்டி எழுத எழுதத் தேயும் என்பது எல்லோரும் சொல்வது. எவ்வளவு எழுதினால் என்பதை யாரும் சொல்வதில்லை. கேமராவைத் தவிர்த்துப் பார்த்தால் நாளொன்றுக்குச் சராசரியாக 9 ஜிகாபைட். அதிலும் புதிய படங்கள் ஒன்றரை ஜிகாபைட்கூட இல்லை. மீதி எல்லாம் தரவுத்தளமும் பதிவேடுகளும் சிறு படங்களை உருவாக்கும் வேலையும்தான். ஆண்டுக்கு 3.3 டெராபைட். நான் பார்த்துவைத்திருந்த 2 டெராபைட் எஸ்எஸ்டியின் விவரத்தாளில் 700 டெராபைட் எழுதும்வரை உத்தரவாதம் என்று இருந்தது. வகுத்துப் பார்த்தால் இருநூறு ஆண்டுகளுக்கு மேல் வருகிறது. என் எஸ்எஸ்டி தேய்ந்து சாகப்போவதில்லை. செத்தால் கட்டுப்பாட்டுச் சில்லு கெட்டோ, உள்மென்பொருள் குளறுபடியாலோ, மின்சாரம் தாறுமாறாக வந்தோதான் சாகும்.

கேமராவுக்கு மட்டும் கதை வேறு. ஒவ்வொரு கேமராவும் வினாடிக்கு 4 மெகாபிட் அனுப்புகிறது. நாளொன்றுக்கு 43 ஜிகாபைட். இரண்டும் சேர்ந்து 86. ஆண்டுக்கு 31 டெராபைட்டுக்கு மேல். இதையும் எஸ்எஸ்டி தாங்கும்தான். ஆனால் பதினொரு நாளில் அழிந்துபோகப் போகிற தெருநாய் நடமாட்டத்துக்கு எஸ்எஸ்டி எதற்கு? வரிசையாக எழுதிக்கொண்டே போகும் வேலைக்குச் சுழலும் தட்டு போதும் என்று பழைய வன்தட்டையே தொடர விட்டுவிட்டேன்.

அடுத்த கேள்வி டிஎல்சியா கியூஎல்சியா என்பது. ஓர் அறைக்கு மூன்று பிட் (டிஎல்சி) என்றால் எட்டு மின்னழுத்த நிலைகளைப் பிரித்தறிய வேண்டும். நான்கு பிட் (கியூஎல்சி) என்றால் பதினாறு. ஒரு டம்ளரில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பது எளிது. பதினாறு கோடு கிழித்து எந்தக் கோடு வரை இருக்கிறது என்று பார்ப்பதற்கு நேரம் பிடிக்கும், ஊற்றும்போதும் கை நிதானமாக இருக்க வேண்டும். அதனால்தான் கியூஎல்சி எஸ்எஸ்டிகள் முதலில் ஒரு சிறு பகுதியை ஒரு பிட் அறைகளாகப் பயன்படுத்தி வேகமாக எழுதிக்கொள்கின்றன. அது நிரம்பியதும் வேகம் படுத்துவிடுகிறது. சாம்சங் 870 கியூவிஓவின் 1 டெராபைட் வகையில் அந்தப் பகுதி 42 ஜிகாபைட். அதற்குப் பிறகு எழுதும் வேகம் வினாடிக்கு 80 மெகாபைட் என்று அந்த நிறுவனமே விவரத்தாளில் சொல்லியிருக்கிறது. அது வரிசையாக எழுதும் வன்தட்டின் வேகத்தைவிடக் குறைவு. அன்றாடப் பயன்பாட்டில் இது தெரியவே தெரியாது. ஆனால் கண்ணாடிப் பிரதியாக ஓடும் இரண்டில் ஒன்று செத்து, இன்னொன்றிலிருந்து 1.3 டெராபைட்டையும் புதியதில் ஒரே மூச்சில் எழுத வேண்டிய நாளில் தெரியும். விலை வித்தியாசம் ஆயிரத்துச் சொச்சம்தான் என்பதால் டிஎல்சியே எடுத்தேன். இன்னும் வேகமான என்விஎம்இ வகை எஸ்எஸ்டி பக்கம் போகவில்லை. என் மதர்போர்டில் அதற்கு இடமும் இல்லை. இருந்தாலும் வீட்டுக்குள் ஓடுவது ஜிகாபிட் வலையமைப்பு, அது வினாடிக்கு 115 மெகாபைட்டுக்கு மேல் கொண்டுபோகாது.

சென்னையின் மின்னணுச் சந்தையான ரிச்சி தெருவில், நரசிங்கபுரம் தெரு முனையருகே எனக்குப் பழக்கமான கடை ஒன்று உண்டு. ஒரே மாடலில் இரண்டு எடுத்தால் கொஞ்சம் குறைத்துத் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். நான் வேறு வேறு நிறுவனத்தில் ஒவ்வொன்று கேட்டபோது, “ரெண்டும் ஒரே ஜோடியா இருந்தாத்தானே சார் ரெய்டுக்கு நல்லது?” என்று கேட்டார். ரெய்டு என்பது பல தட்டுகளை ஒரே சேமிப்பகமாக ஓட்டும் ஏற்பாடு. கேள்வி நியாயமானதுதான். வன்தட்டில் அப்படித்தான் செய்வோம். ஆனால் 2019 நவம்பரில் சர்வர் தயாரிக்கும் எச்பிஇ நிறுவனம் தன் வாடிக்கையாளர்களுக்கு ஓர் எச்சரிக்கை விட்டது. அதன் சர்வர்களுக்கான சில எஸ்எஸ்டிகள், உள்மென்பொருள் பிழையால், சரியாக 32,768 மணி நேரம் ஓடியதும் செயலிழந்துவிடும், தரவும் மீளாது என்றது அந்த அறிவிப்பு. மூன்று ஆண்டு, 270 நாள், 8 மணி. 32,768 என்பது இரண்டின் பதினைந்தாம் அடுக்கு என்று தெரிந்தவர்களுக்கு, எண்ணும் இடம் நிரம்பி வழிந்திருக்கிறது என்பது பார்த்த உடனே விளங்கும். ஒரே நாளில் பொருத்திய ஒரே மாதிரி எஸ்எஸ்டிகள் ஒரே மணிநேரத்தில் சாகலாம் என்றால் இரண்டு பிரதி வைத்து என்ன பயன்? இரண்டு நிறுவனங்கள், இரண்டு கட்டுப்பாட்டுச் சில்லுகள். ஜிஎஸ்டியோடு சேர்த்து 19,000 ரூபாய் ஆனது.

விலை சரிவின் இன்னொரு விளைவையும் இங்கே சொல்லிவிடுகிறேன். உண்மையான எஸ்எஸ்டி அப்போது அவ்வளவு மலிந்திருந்ததால், போலியும் நம்பும்படியாக ஆகிவிட்டது. என் மைத்துனர் இணையத்தில் 16 டெராபைட் கையடக்க எஸ்எஸ்டி ஒன்றை 1,900 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டு வந்து பெருமையாகக் காட்டினார். கணினியில் செருகினால் 16 டெராபைட் என்றுதான் காட்டியது. உண்மையான கொள்ளளவைச் சோதிக்கும் எஃப்3 என்ற மென்பொருளை ஓட்டியபோது 60 ஜிகாபைட்டுக்குப் பிறகு எழுதியது எதுவுமே திரும்பி வரவில்லை. மூடியை நெம்பினால், உள்ளே பசையில் ஒட்டிய ஒரு மைக்ரோ எஸ்டி அட்டையும், எடை கூட்டுவதற்கு ஓர் இரும்புத் துண்டும் இருந்தன.

மாற்றும் வேலைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆனது. எச்-81 பலகையில் தட்டுகளைச் செருக இருப்பது நான்கே நான்கு சாட்டா இணைப்புகள். நான்கும் ஏற்கெனவே நிரம்பியிருந்தன. கெட்ட வன்தட்டையும் கேமரா வன்தட்டையும் கழற்றிவிட்டு, அந்த இரண்டு இடங்களில் எஸ்எஸ்டிகளைச் செருகி, நல்ல வன்தட்டிலிருந்து படியெடுப்பது என் திட்டம். இரண்டு வன்தட்டுகளும் இரட்டைப் பிள்ளைகள்போல் ஒரே மாதிரி இருந்தன. வரிசை எண் ஒட்டிய பக்கம் கூட்டின் உட்புறம் திரும்பியிருந்தது. மேலே இருப்பதுதான் கெட்டது என்று எனக்கு ஏனோ உறுதியாகத் தோன்றியது. கழற்றினேன், சர்வரை ஏற்றினேன். சேமிப்பகம் குறையுற்ற நிலையில் இருப்பதாக, அதை நிர்வகிக்கும் இசட்எஃப்எஸ் மென்பொருள் சொன்னது, அது எதிர்பார்த்ததுதான். ஒரு ஜாக்கிரதைக்காக எஞ்சியிருந்த தட்டின் சுகாதார அறிக்கையை எடுத்துப் பார்த்தேன்; 56 என்று நின்றது. நல்லதைக் கழற்றிவிட்டு, சாகக் கிடப்பதிலிருந்து படியெடுக்க இருந்தேன்! படங்களின் இன்னொரு பிரதி திருச்சியில் அக்கா வீட்டில் இருக்கிறது என்றாலும் அது ஆறு மாதப் பழசு. திரும்ப அணைத்து, இரண்டையும் வெளியே எடுத்து, வரிசை எண்ணின் கடைசி நான்கு எழுத்துகளைக் காகித நாடாவில் எழுதி விளிம்பில் ஒட்டிவிட்டுத்தான் அடுத்த அடி வைத்தேன். நாலரை ஆண்டுக்கு முன்பே செய்திருக்க வேண்டிய இரண்டு நிமிட வேலை அது.

அதன்பிறகு சிக்கல் இல்லை. புதிய கண்ணாடிச் சேமிப்பகத்தை உருவாக்கி, பழையதில் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையின் பதிவு) எடுத்து அனுப்பினேன், 1.3 டெராபைட் போய்ச்சேர நாலரை மணி நேரம். வேகத்தை நிர்ணயித்தது முழுக்க வன்தட்டுதான். எஸ்எஸ்டிகள் பாதி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தன. ஒரு சாட்டா இணைப்பு பழைய 3 ஜிகாபிட் வகை என்பதால் ஓர் எஸ்எஸ்டி பாதி வேகத்தில்தான் ஓடுகிறது. வலையமைப்பே அதைவிட மெதுவானது என்பதால் அதைப் பற்றி எனக்குக் கவலையில்லை.

வித்தியாசம் எங்கே தெரிகிறது என்றால் படங்களில். வன்தட்டு ஒவ்வொரு சிறு கோப்புக்கும் தலையை நகர்த்தி, தட்டு சுற்றி வரும்வரை காத்திருக்க வேண்டும். வினாடிக்கு எழுபது எண்பது தடவைக்கு மேல் அதால் இதைச் செய்ய முடியாது. கைபேசியில் 2016-ஆம் ஆண்டுப் படங்களுக்கு விரலால் தள்ளிக்கொண்டே போனால் முன்பு சாம்பல் நிறக் கட்டங்கள்தான் ஓடும். இப்போது விரல் நிற்பதற்குள் படங்கள் நிற்கின்றன. இரண்டாவது, சத்தம். இரவு இரண்டு மணிக்கு அட்டவணைப்படி சோதனை ஓடும்போது டிவி மேசையே கறகறக்கும். ஹாலில் படுக்கும் அப்பா அதை எலி என்று பலநாள் நம்பிக்கொண்டிருந்தார்.

மின்சாரத்தில் மிச்சமாகும் காசிலேயே எஸ்எஸ்டி விலை திரும்பி வந்துவிடும் என்று சொல்பவர்களை மட்டும் நம்ப வேண்டாம். சுவரில் மீட்டர் வைத்து அளந்தேன்: முன்பு 41 வாட், இப்போது 31. நாளைக்கு கால் யூனிட்டுக்கும் குறைவு. இரண்டு மாதத்துக்கு 14 யூனிட். யூனிட் 6 ரூபாய் என்று வைத்தாலும் பில்லுக்கு 86 ரூபாய். 19,000 திரும்பி வர முப்பத்தாறு ஆண்டுகள் ஆகும். கோடையில் 500 யூனிட்டைத் தாண்டாமல் பிடித்து நிறுத்த அந்த 14 யூனிட் உதவினால் கொஞ்சம் கூடுதல் இலாபம். அப்போதைய கட்டணப்படி, தாண்டிவிட்டால் 101 முதல் 200 யூனிட் வரையிலான குறைந்த கட்டணம் கைவிட்டுப் போய்விடும்.

தப்பிப் பிழைத்த 4 டெராபைட் வன்தட்டை நான் வெளியே போடவில்லை. அதை யூஎஸ்பி பெட்டி ஒன்றில் போட்டு, காப்புப் பிரதிக்கென்று வைத்துக்கொண்டேன். இந்த வேலைக்கு எஸ்எஸ்டி ஏற்றதல்ல என்பது என் கருத்து. ஃபிளாஷ் அறையில் தேங்கிய மின்னூட்டம் மெல்லக் கசியக்கூடியது. வெப்பம் கூடினால் கசிவும் கூடும். சில்லுத் துறையின் தர அமைப்பான ஜெடெக்கின் தரநிலை வீட்டுப் பயன்பாட்டு எஸ்எஸ்டியிடம் எதிர்பார்ப்பது, எழுதும் தவணை முழுவதும் தீர்ந்த பிறகு மின்சாரமின்றி 30 பாகை செல்சியஸில் ஓராண்டு தாக்குப்பிடிப்பதைத்தான். என்னுடையது அந்த அளவுக்குத் தேயப்போவதில்லை என்றாலும், மே மாதத்தில் எங்கள் வீட்டு அலமாரிக்குள் 30 பாகை என்பது கனவு. வன்தட்டில் எழுதிய காந்தம் அலமாரி வெப்பத்தைப் பொருட்படுத்துவதில்லை.

கெட்டது இன்னும் மேசையில்தான் கிடக்கிறது. அதில் பட்டாவும் ஸ்கேன் அறிக்கைகளும் இருந்தன என்பதால் பழைய இரும்புக்காரரிடம் அப்படியே போட மனம் வரவில்லை. நட்சத்திரத் திருப்புளி கிடைத்ததும் திறந்து தட்டுகளை வளைத்துவிட வேண்டும். நல்லதை ஞாயிறு காலையில் செருகுகிறேன். அந்த வாரத்தில் மாறியது மட்டும் போய்ச் சேருகிறது. சென்ற வாரம் பதினொரு நிமிடம் ஆனது. கழற்றி பீரோவில் வைத்தேன்.